அரை ஸ்கேன் ஹாஜியார்

கண்டியில் எதற்கும் பேரம் பேசலாம். மரக்கறிக்குப் பேசுவார்கள், ஓட்டோவுக்குப் பேசுவார்கள், பல் பிடுங்குகிற இடத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே விலை குறைத்துக் கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் பெண்சாதியின் எலும்புக்குப் பேரம் பேசியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர்தான் எங்கள் அரை ஸ்கேன் ஹாஜியார். ஸ்கேன் எல்லாம் மனைவியின் பெயரில் பதிவானதால் அவருடைய சொந்தப் பெயர் கடைசிவரை எங்கள் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அப்போது நான் கண்டி டவுனில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்த தனியார் ஸ்கேன் நிலையத்தில் கவுண்டரில் வேலை செய்தேன். காலை ரயிலில் நாவலப்பிட்டியிலிருந்து வந்து, டொக்டர் எழுதிய துண்டை வாங்கி, பெயர் எழுதி, காசு வாங்கி, "அந்தக் கதிரையில இருங்க, கூப்பிடுவாங்க" என்று நாளைக்கு நூறு தடவை சொல்லுவதுதான் என் தொழில். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் மெஷின் ஒன்று எங்களிடம் இருந்தது. மேசை மாதிரி இருக்கும். அதில் ஆளைப் படுக்க வைத்தால் மேலே ஒரு கை நகர்ந்து போகும். வலியில்லை, ஊசியில்லை. வலி எல்லாம் கவுண்டரில் விலையைக் கேட்கும்போதுதான்.

ஒரு மழை நாளில் அவர் வந்தார். ஆள் நல்ல உயரம். வெள்ளைச் சட்டை, இடுப்பில் வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி. கழுத்தில் ஓர் அளவு நாடா மாலை மாதிரித் தொங்கியது. அக்குறணையில் சீலைக்கடை வைத்திருந்தவர், கடையிலிருந்து கிளம்பும்போது அதைக் கழற்ற மறந்துவிட்டார். மறந்தார் என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு வந்த எல்லாத் தடவையும் அது கழுத்தில்தான் இருந்தது.

அவருக்குப் பின்னால் அவர் மனைவி பரீதா ராத்தா. அக்கா என்பதை அவர்கள் ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். சின்ன உருவம், வலது கையில் மாவுக்கட்டு. வீட்டு முற்றத்தில் கால் லேசாகத் தடுக்கியதாம். கையை ஊன்றினாராம். அவ்வளவுதான், மணிக்கட்டு போய்விட்டது. இவ்வளவு சின்ன விழுகைக்கு எலும்பு உடையக்கூடாதே என்று கட்டுப் போட்ட டொக்டர் இந்தப் பரிசோதனைக்கு எழுதி அனுப்பியிருந்தார்.

"எவ்வளவு மகள்?" என்று கேட்டார் ஹாஜியார்.

சொன்னேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "ரெண்டு பட்டுச் சாரி வெல" என்றார். எந்த விலையையும் துணியாக மாற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். "இது முழுசுக்குமா?"

"ஆமாங்க. இடுப்பு, முதுகு ரெண்டும் சேத்துத்தாங்க."

"முதுகு இவவுக்கு நல்லா ஈக்கிது. இடுப்ப மட்டும் எடுங்க. அர ஸ்கேன். அர சல்லி."

"அப்படிப் பாதி எடுக்கிறதில்லைங்களே ஹாஜியார்."

"ஏன் ஏலா? எண்ட கடைல வந்து அர யார் துணி கேட்டாலும் வெட்டிக் குடுக்கிறனே!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பரீதா ராத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். ஹாஜியார் அசரவில்லை. குனிந்து, இரகசியம் சொல்வதுபோல, ஆனால் தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

"சரி. சோடியா எடுத்தா கொறையுமா? எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல. ஆனா வெல கொறையும் எண்டா நானும் படுக்கிறேன்."

பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

முடிவு வந்தது. எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. அதைப் பார்த்ததும் ஹாஜியாரின் முகத்திலிருந்த பேரமெல்லாம் வடிந்துவிட்டது.

"மைனஸ் எண்டா? கடைக் கணக்குல மைனஸ் எண்டா நட்டம். இதுல?"

கவுண்டரில் இருப்பவர்கள் முடிவுக்கு விளக்கம் சொல்லக்கூடாது. மாடியில் இருந்த டொக்டரம்மாவிடம் அனுப்பினேன். எலும்பு தேய்ந்து பஞ்சுபோல ஆகிறது, கிழமைக்கு ஒரு மாத்திரை போட வேண்டும், ஒன்றரை வருடத்தில் இதே பரிசோதனையைத் திரும்பச் செய்து மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஹாஜியார் மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போய், ஒன்றரை வருட மாத்திரையை மொத்தமாக எடுத்தால் விலையில் என்ன கழிவு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் பரீதா ராத்தா என்னிடம் மாத்திரைத் தாளை நீட்டினார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் அச்சடித்திருந்தது. நான் தமிழில் வாசித்துச் சொன்னேன்.

"வெறும் வயித்துல போடணும் ராத்தா. வெறும் தண்ணி மட்டும்தான். அரை மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது, வேற எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. பால்கூட ஆகாது."

"வெளங்கிச்சு மகள்" என்றார்.

மூன்றாவது மாதம் ஹாஜியார் தனியாக வந்து நின்றார்.

"இன்னொருக்கா எடுக்கணும். மாத்திர வேல செய்யுதா பாக்கணும்."

"மூணு மாசத்துல ஒண்ணும் தெரியாதுங்க. எலும்பு மெதுவாத்தான் மாறும். அவ்வளவு சின்ன மாத்தத்த மெஷினாலேயே பிடிக்க முடியாது."

"அப்ப அந்த மெஷின் என்னத்துக்கு?"

"ஒன்றரை வருஷம் கழிச்சு வாங்க ஹாஜியார். இப்ப எடுத்தா காசுதான் வீணாப் போகும்."

"முழுச் சல்லியும் தாரேன். அர ஸ்கேன் கேக்கல்ல. முழு ஸ்கேன்!"

"வேணாங்க."

அவர் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கொறைங்க எண்டு சென்னா கொறைக்க மாட்டாங்க. தாரேன் எண்டு சென்னா வாங்க மாட்டாங்க. இப்பிடி யாவாரம் செஞ்சா இந்தக் கட எப்பிடி உருப்படும்?"

மெஷின் கைவிட்டதும் அவர் தன் சொந்தப் பரிசோதனையை ஆரம்பித்தார். எலும்பு தேய்ந்தால் ஆள் உயரம் குறையும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, ராத்தாவைக் கதவு நிலையோடு சேர்த்து நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு புத்தகத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, நாடாவால் அளந்து, எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். "அஸ்ஸலாமு அலைக்கும் மகள். நாலடி பத்தே முக்கால். அல்ஹம்துலில்லாஹ்." மற்றப் பெண்களுக்குக் காலை வணக்கப் பூக்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் எனக்கு வந்தது இதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசியே வந்தது. குரல் நடுங்கியது.

"மகள், அரை அங்குலம் இறங்கிட்டு! ஒரே கிழமைல! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரவா?"

பின்னால் ராத்தாவின் குரல் கேட்டது. "செருப்பக் கழட்டிட்டு நிண்டேன் எண்டு செல்லுங்க அந்தப் புள்ளைக்கு."

"சரி மகள், வெக்கிறேன்" என்றார் ஹாஜியார்.

ஏழெட்டு மாதம் போனது. ஒரு நாள் கையில் ஒரு கவரோடு வந்து கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் பேசாமல் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். கொழும்பில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார்களாம். அங்கே ஓரிடத்தில் இதே பரிசோதனைக்குப் பாதி விலைக் கழிவு என்று பலகை தொங்கியதாம். கடைசியில் ஒருவழியாக அரை விலை கிடைத்த சந்தோஷத்தில் எடுத்துவிட்டார். முடிவில் எண் இன்னும் கீழே போயிருந்தது.

"மருந்து ஒண்டும் செய்யல்ல மகள். என்னெண்டு இவவுக்குச் செல்ற? இன்னம் காட்டல்ல."

"ஹாஜியார், அது வேற மெஷின். அந்த எண்ணையும் எங்க எண்ணையும் பக்கத்துல வச்சுப் பாக்கக் கூடாது."

"மெஷின் மெஷின்தானே?"

டொக்டரம்மா இதை எல்லோருக்கும் படம் வரைந்து விளக்குவார், யாருக்கும் புரியாது. எனக்கு அவர் கழுத்தைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது.

"உங்க கடையில துணி அளக்கிற யார்க்கோலும் பக்கத்துக் கடை யார்க்கோலும் ஒண்ணாங்க?"

நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது.

"அவண்ட யார்க்கோலா? முப்பத்தாறு அங்குலம் ஈக்கணும், அது முப்பத்தஞ்சுதான் மகள்! ஊருக்கே தெரீம்!"

"அப்ப அங்க அளந்த துணிய உங்க கோலால அளந்துட்டு, துணி சுருங்கிருச்சுன்னு சொல்ல முடியுமா?"

"ஏலாது." எழுந்தார். கவரை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "ஏலவே ஏலாது. ஒரே கோலால அளக்கணும். இத அண்டைக்கே செல்லியிருக்கலாமே!" போகிற வழியில், காத்திருந்த மூன்று பெண்களை நிறுத்தி, எப்போதும் ஒரே இடத்தில்தான் எலும்பை அளக்க வேண்டும் என்று பாடம் எடுத்துவிட்டுத்தான் போனார்.

ஒன்றரை வருடம் முடிந்தது. சொன்ன தேதிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அன்றைக்கு அவர் பேரமே பேசவில்லை. காசை எண்ணி வைத்தார், ரசீதை வாங்கினார், உட்கார்ந்தார். எங்களுக்கெல்லாம் ஏதோ குறைந்தது மாதிரி இருந்தது. அதே மெஷின், அதே மேசை. முடிவு என் கைக்குத்தான் முதலில் வந்தது. பார்த்தேன். எண் இறங்கியிருந்தது. இந்தத் தடவை சாக்குச் சொல்ல வேறு யார்க்கோல் எதுவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். டொக்டரம்மாவுக்குத் தமிழ் வராது, ராத்தாவுக்குச் சிங்களம் கொஞ்சம்தான். ஹாஜியாருக்கு இரண்டும் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் ராத்தாவிடம் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். "எனக்கு இந்த அம்மாவின் பதில்தான் வேண்டும், நீ மொழிபெயர்" என்றார் டொக்டரம்மா.

"ஒரு கிழமையாவது மாத்திரை தவறியதுண்டா என்று கேள்."

கேட்டேன். ராத்தா வாயைத் திறப்பதற்குள் ஹாஜியார் எழுந்துவிட்டார்.

"ஒரு கெழம தவறல்ல! நான்தான் குடுக்கிறேன். ஞாயித்துக்கெழம விடிய சுபஹு தொழுதுட்டு, நானே அடுப்ப மூட்டி, பெரிய கப்புல சுடச்சுடப் பால் காய்ச்சி, அதோட மாத்திரையையும் ரெண்டு ஈச்சம்பழத்தையும் கைல குடுத்துட்டுத்தான் மத்த வேல! எலும்புக்குப் பால் நல்லம்தானே?"

இதை அவரே சிங்களத்திலும் சொன்னார். டொக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். அந்த மாத்திரை பாலோடு சேர்ந்தால் உடம்பில் ஒட்டாமல் அப்படியே போய்விடும் என்று மெதுவாகச் சொன்னார். ஒன்றரை வருடமாக ராத்தா மாத்திரை விழுங்கியிருக்கிறார், எலும்புக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை.

ஹாஜியார் நின்ற இடத்திலேயே நின்றார். ராத்தாவிடம் வாசித்துச் சொன்ன நான், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேனே.

"ராத்தா, அன்னைக்கு நான் சொன்னேனே, வெறும் தண்ணியிலதான் போடணும்னு?"

"செல்லித்தான் தந்தீங்க மகள்."

"அப்புறம் ஏன் பாலோட குடிச்சீங்க?"

ராத்தா மடியில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னார்.

"நாப்பத்திரண்டு வருஷம் மகள். இவரு குசினிக்குள்ள அடுப்படிப் பக்கம் வந்து ஒரு கோப்ப தண்ணி எடுத்ததில்ல. குத்தம் செல்லல்ல, கடையும் ஊடுமா ஓடின மனுசன். அந்த முதல் ஞாயித்துக்கெழம பால் காய்ச்சிக் கொண்டு வந்தாரு. பாதி பொங்கி அடுப்புல. கைல கொப்புளம். சிரிச்சிக்கொண்டு நீட்டினாரு. வேணாம் எண்டு எப்பிடி மகள் செல்ற?"

டொக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னார்?" என்றார் டொக்டரம்மா.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அன்றைக்கு வரவில்லை. "பாலோடுதான் குடித்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். டொக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார், அவர்கள் இருவரையும் பார்த்தார். "அவர் சொன்னது இதைவிட நீளமாக இருந்தது" என்றார். பிறகு எப்படியோ முழுவதையும் சொல்லி முடித்தேன்.

ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்தார். கழுத்து நாடாவின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"ஒரு வார்த்த செல்லியிருக்கலாமே பரீதா."

"செல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பீங்க."

"எலும்பு ஒடஞ்சா?"

"அது ஒடையக்குள்ள பாக்கலாம் எண்டு நெனச்சிக்கொண்டு ஈந்தேன்."

கண்ணைத் துடைக்கிறாரா, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறாரா என்று தெரியாத மாதிரி ஹாஜியார் எதையோ துடைத்தார். டொக்டரம்மா திட்டவில்லை. நல்லவேளை, அளந்து பார்த்தோம், இல்லையென்றால் இன்னும் ஐந்து வருடம் இப்படியே போயிருக்கும் என்றார். பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பிச் சொன்னதை நானே தமிழில் சொன்னேன், அவருக்கு அது தேவையில்லாவிட்டாலும்.

"பால நிப்பாட்ட வேணாமாங்க. நேரத்த மட்டும் மாத்தச் சொல்றாங்க. மாத்திரையத் தண்ணியோட குடுங்க. அரை மணி நேரம் போகட்டும். அதுக்குப் பொறகு நீங்களே பால் காய்ச்சிக் குடுங்க."

அன்று பின்னேர ரயிலில் நாவலப்பிட்டி போய்ச் சேர்ந்ததும் என் வீட்டுக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் டீவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, தேத்தண்ணி போடலையா?" என்றார். நம் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த குரல் பதிவுகளில் உயரம் இல்லை. ஞாயிறு காலை நிலவரம்தான். மாத்திரை போட்டதும் ஹாஜியார் போனில் அரை மணி நேரத்துக்கு அலாரம் வைப்பார். ராத்தா படுத்துவிடக்கூடாது என்று முற்றத்தில் நடக்கச் சொல்லுவார். ராத்தா தனியாக நடந்தால் தடுக்கும் என்று அவரும் கூடவே நடப்பார். ராத்தா குடிக்காமல் இருக்கும்போது தான் மட்டும் எப்படிக் குடிப்பது என்று அவரும் வெறும் வயிறு. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து, "என்னா ஹாஜியார், காலங்காத்தால பொஞ்சாதியோட வோக்கிங்கா?" என்று கேட்டாராம். "வோக்கிங் இல்ல, மருந்து" என்றாராம் இவர். அரை மணி தாண்டி முப்பத்தைந்து நிமிடம் ஆனாலும் அலாரத்தைக் கவனிக்காமல் இன்னொரு சுற்று நடந்துவிடுவதாக ராத்தா போனில் முறைப்பாடு சொன்னார். அந்த முறைப்பாட்டில் கோபம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது பரிசோதனையின் விலை ஏறியிருந்தது. எல்லாம் ஏறிய காலம் அது. பலகையைப் பார்த்த ஹாஜியார் "மூணு பட்டுச் சாரி" என்று முனகினார். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். மெஷின் அறைக் கதவு திறக்கும்வரை அவர் வாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

முடிவைப் பார்த்தேன். இந்தத் தடவை விளக்கம் சொல்லக்கூடாது என்ற சட்டத்தை நான் கொஞ்சம் மீறினேன்.

"ஏறியிருக்குங்க ஹாஜியார்."

"மைனஸ் பெய்த்தா?"

"மைனஸ் இருக்கு. ஆனா கொறஞ்சிருக்கு."

"நட்டம் கொறஞ்சா அது லாபம்தான்!" என்று கவுண்டரில் ஓங்கித் தட்டினார். பக்கத்தில் இருந்த பேனாத்தட்டு கவிழ்ந்தது. பரீதா ராத்தா குனிந்து பொறுக்கப் போக, "நீங்க குனியாதீங்க!" என்று அவரும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

மாடிக்குப் போய்த் திரும்பி வந்தபோது ராத்தா சிரித்துக்கொண்டு வந்தார். ஹாஜியார் முகம் மட்டும் தொங்கியிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"நல்லா ஈக்கிதாம். மாத்திரய இப்பிடியே போட்டா சரியாம். ரெண்டு வருஷத்துக்கு ஸ்கேன் தேவல்லயாம்."

"நல்லதுதானே? காசு மிச்சம்."

"சல்லி மிச்சம்தான்" என்றார், ஏதோ நட்டம் வந்தவர் மாதிரி. கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்து, "பெய்த்து வாரோம் மகள்" என்றார்.

இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம், அதுவரை அவர் இங்கே வர வேலை இல்லை. கவுண்டரில் சத்தமில்லாமல் வேலை நடந்தது. எல்லோரும் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, காட்டிய கதிரையில் உட்கார்ந்தார்கள். எனக்கு ரயிலில் வந்த களைப்பு அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது.

நாலாவது மாதம், நல்ல மழை, வரிசை வாசல் வரைக்கும் நின்ற ஒரு புதன்கிழமை, குடையை மடக்கிக்கொண்டு ஹாஜியார் உள்ளே வந்தார். தனியாக. கையில் துண்டு இல்லை, கவர் இல்லை.

"ராத்தாவுக்கு ஏதாவதா?" என்று பதறிவிட்டேன்.

"சே சே, நல்லா ஈக்கிறா. பஸ் இந்தப் பக்கமா வந்திச்சு, அப்பிடியே இறங்கினேன்."

எங்கள் குறுக்குத் தெருவுக்குள் எந்தக் காலத்திலும் பஸ் வந்ததில்லை.

கவுண்டரில் சாய்ந்துகொண்டு அவர் பேச ஆரம்பித்தார். இப்போது பால் பொங்குவதில்லையாம். இஞ்சித் தேத்தண்ணி பழகியாகிவிட்டதாம். போன கிழமை ரொட்டி சுட்டாராம், வட்டமாக வரவில்லையாம், ராத்தா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பயந்து போனாராம், விலா எலும்புக்கு ஆகாதோ என்று. வரிசையில் நின்ற ஒரு பெண் பெருமூச்சு விட்டார். இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து என் மேலதிகாரி எட்டிப் பார்த்து, அவருக்கு என்ன பரிசோதனை என்று சைகையில் கேட்டார்.

நான் எழுந்து போய், என் பக்கத்தில் இருந்த கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டேன்.